சுழி பார்த்துப் பிரித்த பிள்ளைகள்

திருவேங்கடம் மனுஷன் முகத்தை நம்ப மாட்டார். முகம் பொய் சொல்லும், வாய் அதைவிடப் பெரிய பொய் சொல்லும், மாட்டுத் தோலில் இருக்கிற சுழி மட்டும் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. நாராயணவனம் ரோட்டில் அவருக்கு ஊர். நிலம் கொஞ்சம், மாட்டுத் தரகு நிறைய. புத்தூர்ச் சந்தையில் ஒரு மாட்டைச் சுற்றி வந்து, முதுகில் கையை ஓட்டி, "பாடைச்சுழிடா இது, வாங்கினவன் வூட்ல பொணம் வுழும்" என்று சொல்லிவிட்டால் அந்த மாட்டை அன்றைக்கு எவனும் தொட மாட்டான். கோபுரச்சுழி என்று சொல்லிவிட்டால் முட்டித் தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்ட கண்.

அந்தக் கண்ணை வைத்துத்தான் பேரப்பிள்ளைகளையும் பார்த்தார்.

மகள் செல்விக்கு ஒரே பிரசவத்தில் இரண்டு ஆண். இரண்டாவது தலை வெளியே வந்த கையோடு அவள் போய்விட்டாள். மருமகன் சின்னசாமி அதற்கு முன்னாலேயே வேலூர் ஜெயிலில் இருந்தான். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பக்கத்துக் கொல்லைக்காரனை மண்வெட்டியால் வெட்டியவன். ஜெயிலிலேயே காய்ச்சல் வந்து செத்தான். சின்னசாமிக்குக் கோபம் வந்தால் கழுத்தில் ஒரு நரம்பு கயிறு மாதிரி புடைக்கும், பல்லை நறநறவென்று கடிப்பான், எதிரே நிற்பது யார் என்று கண்ணுக்குத் தெரியாது. அவன் அப்பனும் அப்படித்தான் இருந்தான் என்று ஊரில் சொல்வார்கள். பெண் கொடுக்கும்போது யாரும் சொல்லவில்லை. கொடுத்த பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

தாயில்லாத இரண்டு குழந்தைகளை ஒரு வீட்டில் வளர்க்க முடியாது. முறத்தில் கிடந்த இரண்டும் ஒரே அச்சு. திருவேங்கடம் ஈரத்துணியால் தலைகளைத் துடைத்துவிட்டு, கன்றுக்குட்டி பார்க்கிற மாதிரி குனிந்து சுழி பார்த்தார். ஒன்றுக்கு நடு உச்சியில் ஒற்றைச் சுழி, சுத்தமாக வலப்பக்கம் சுற்றியிருந்தது. மற்றதற்கு இரட்டைச் சுழி.

"இதுதான் அப்பன் ரத்தம். இது வூட்டுக்கு ஆவாது" என்றார்.

ஒன்றுவிட்ட தங்கை மகள் கமலம்மா சாவுக்கு வந்திருந்தாள். சந்திரகிரிப் பக்கம் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்கிற துலுக்காணத்துக்கு வாழ்க்கைப்பட்டவள், பிள்ளை இல்லாதவள். அவள் சுழியும் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. இரட்டைச்சுழிக்காரனை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஒற்றைச் சுழியைத் திருவேங்கடம் வைத்துக்கொண்டார். கங்கையா என்று பெயர் வைத்தார்.

கங்கையா நடக்கத் தொடங்கியதும் கடிக்கத் தொடங்கினான். கோழிக்குஞ்சின் காலை முறுக்கினான். கட்டிப்போட்டிருந்த கன்றின் கண்ணுக்குக் குறி வைத்துக் கல்லெறிந்தான். ஊர் ஆந்திராவோடு சேர்ந்துவிட்டதில் பள்ளிக்கூடமும் அப்போது தெலுங்குக்கு மாறியிருந்தது. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு வாத்தியார் அய்யவாரு சொல்வது பாதி புரியாது. புரியாததற்கு ஒரு அடி, முறைத்ததற்கு இரண்டு அடி. ஒருநாள் எழுதுகிற பலகையை அய்யவாரு முழங்காலிலேயே போட்டு உடைத்துவிட்டு ஓடிவந்தான். வீட்டில் மாமன் கிருஷ்ணப்பா புளியமிளாறோடு காத்திருந்தான். கிருஷ்ணப்பா திருவேங்கடத்தின் ஒரே மகன். அவன் கை ஓய்ந்தால் திருவேங்கடத்தின் கை. மாட்டைப் பழக்குகிறவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

அந்த வீட்டில் ஓரவஞ்சனை கிடையாது. கிருஷ்ணப்பாவின் சொந்த மகன் சிட்டிபாபுவுக்கும் அதே மிளாறு, அதே கை. சிட்டிபாபு அடி வாங்கினால் ஊரைக் கூட்டி அழுவான், மூக்கைத் துடைப்பான், சோறு துன்னுவான், மறந்துவிடுவான். எறும்பை மிதிக்கப் பயப்படுகிற பிள்ளை. கங்கையா அழ மாட்டான். அடிக்கிற கையையே பார்த்துக்கொண்டு நிற்பான். மறுநாள் வீட்டில் ஏதாவது ஒன்று உடைந்திருக்கும்.

இதை வைத்துத் திருவேங்கடம் ஒரு கணக்குப் போட்டிருந்தார். ஒரே மிளாறு. ஒருத்தன் ஆட்டுக்குட்டி, ஒருத்தன் ஓநாய். அப்படியென்றால் மிளாறின்மேல் தப்பில்லை, ரத்தத்தின்மேல் தப்பு. அதுவரைக்கும் சரி. ஆனால் சுழி ஒற்றையாயிற்றே? அந்த இடம்தான் அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

கங்கையாவுக்கு ஒன்பது வயசான வருஷம் கோடையில் சிட்டிபாபு மோர்ச் சட்டியை அணைத்துக்கொண்டு, "கொலகாரன் புள்ளைக்கு மோர் கெடையாது" என்றான். அவனாகச் சொன்னதில்லை. அவன் அம்மா செங்கம்மா தினம் சொல்வது. கங்கையா மாடு கட்டுகிற முளையைத் தரையிலிருந்து பிடுங்கி ஒரே அடி. சிட்டிபாபுவின் முன்னங்கை முறிந்து தொங்கியது. வண்டி கட்டி, புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, கட்டு கட்டிக்கொண்டு வந்தார்கள்.

செங்கம்மா வாசலிலேயே நின்றாள்.

"மாமா, இன்னிக்கு கை. நாளைக்கு கழுத்து. இந்த வூட்ல ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல என் புள்ள இருக்கணும். நீயே சொல்லு."

"இன்னாத்த சொல்றது?"

"நீதானே சுழி பாத்து வெச்சிக்கின? இப்ப பாரு!"

கிருஷ்ணப்பா அதற்குள் ஏட்டைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தான். கெட்ட பையன்களை அடைத்துவைக்கிற சர்க்கார் ஜெயில் ஒன்று இருக்கிறதாம். பெரியவன் ஆகிற வரைக்கும் வெளியே விட மாட்டார்களாம். வாரம் திரும்பினதும் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஏட்டே கோர்ட்டில் சொல்லி ஏற்பாடு செய்வாராம்.

"நைனா, நீ ஒண்ணும் பேசாத. அவன் அப்பன் போன வழியில அவன் போறான். நம்ம பொண்ணு வவுத்துல பொறந்த பாவத்துக்கு இத்தினி நாள் வெச்சிக்கினு இருந்தோம்."

திருவேங்கடம் டீக்கடைக்குப் போனார். அங்கே ஒருத்தன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். எல்லைத் தகராறு தீரப்போகிறது. திருத்தணி மெட்ராஸுக்குப் போகிறது, அதற்குப் பதில் சத்தியவேடு ஆந்திராவுக்கு வருகிறது.

"மாத்திக்கிறானுங்களா?" என்றார் திருவேங்கடம்.

"ஆமாம் பெரியவரே. ஊருக்கு ஊரு மாத்தறது."

"ஊர்ல இருக்கிறவன கேட்டானுங்களா?"

"உன்ன யாரு கேப்பாங்க? சந்தையில மாட்ட மாத்தும்போது நீ மாட்ட கேட்டுக்கினா மாத்தற?"

கடையே சிரித்தது. திருவேங்கடம் சிரிக்கவில்லை. அவர் மண்டைக்குள் வேறு ஒன்று ஓடியது. சந்திரகிரியிலிருந்து சுண்ணாம்பு ஏற்றிவருகிற வண்டிக்காரன் வருகிறபோதெல்லாம் சொல்வான், துலுக்காணத்தின் பையன் தங்கம், ஒரு ஆளை ஒரு சொல் சொல்ல மாட்டான் என்று. அப்படியென்றால் விஷயம் தெளிவு. பிறந்த குழந்தையின் ஈரத்தலையில் சுழி மாறித் தெரிந்திருக்கிறது. நல்ல காளையைக் கொடுத்துவிட்டுக் கெட்டதை வைத்துக்கொண்டிருக்கிறோம். சர்க்காரே ஊரை மாற்றிக்கொள்ளும்போது தரகன் ஒரு பையனை மாற்றிக்கொள்ளக் கூடாதா? நல்லவன் வீட்டுக்கு வருவான், செங்கம்மா வாயை மூடுவாள். கெட்டவன் சந்திரகிரியில் இருப்பான், ஏட்டுக்கு வேலை இல்லை.

மறுநாள் காலையில் கங்கையாவுக்குச் சட்டை மாட்டி, திருப்பதி வழியாகச் சந்திரகிரி போகிற பஸ்ஸில் ஏற்றினார்.

கண்டக்டர் தெலுங்கில், "ஏம் பெத்தாயனா, பில்லவாடிக்கி டிக்கெட்டு வத்தா?" என்று, பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாமா எனக் கேட்டுக்கொண்டே பையனின் தலையைத் தட்டினான். கங்கையா அந்தக் கையைக் கடிக்கப் பாய்ந்தான். கண்டக்டர் டிக்கெட் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"அம்மாடி! வீனிக்கி அரை டிக்கெட் காது, புலி டிக்கெட் வெய்யாலி!"

இவனுக்கு அரை டிக்கெட் இல்லை, புலி டிக்கெட் போடணுமாம். பஸ் முழுக்கச் சிரித்தது. கங்கையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரேணிகுண்டா தாண்டினதும் கேட்டான்.

"என்ன எங்க விக்கப் போற?"

திருவேங்கடத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "விக்கலடா. மாத்தப் போறேன்."

"யாரோட?"

எப்படிச் சொன்னாலும் அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. "உன்னோடயேதான்" என்றார்.

கங்கையா அவரை ஏற இறங்கப் பார்த்தான். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

சந்திரகிரியில் இறங்கி, கோட்டையைத் தாண்டி, மலையடிவாரத்துக் காளவாய்க்குப் போய்ச் சேரும்போது வெயில் உச்சியில் நின்றது. கல் சுடுகிற புகை கண்ணைக் கரித்தது. இரண்டு ஓலைக் குடிசை, ஒரு குவியல் கரி, வெந்த சுண்ணாம்புக் கல் மலைபோல. அதற்குப் பக்கத்தில், வெந்த கல்லைத் தண்ணீரில் போட்டு நீற்றுகிற குழி. கமலம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, புருவமெல்லாம் வெள்ளையாக, குழிக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள்.

"மாமா! இன்னா இது, சொல்லாம கொள்ளாம? யாராவது செத்துப்புட்டாங்களா?"

"சாவல. சும்மா வந்தேன்."

"நீ சும்மா வர்ற ஆளா? தே, ரத்தினம்! தாத்தா வந்திருக்குது பாரு!"

காளவாயின் பின்னாலிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். திருவேங்கடம் பிடித்திருந்த கை பிடித்தபடியே இருக்க, கங்கையா எதிரேயிருந்தும் ஓடிவந்தான். அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. அதே நெற்றி. இடது பாதம் கொஞ்சம் உள்ளே திரும்பி மண்ணைத் தேய்க்கிற அதே நடை. ஓடிவந்து நின்றதும் மூக்கைப் புறங்கையால் மேல்நோக்கித் தள்ளினான். கங்கையா செய்கிறது அது. ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் செய்தான் என்று சொல்ல முடியாது, பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லையே. எத்தனையோ ஜோடி மாடு சேர்த்த மனுஷர், வாயைத் திறந்தபடி நின்றார். இந்த ஜோடியை எந்தக் கை சேர்த்தது?

பையன்கள் இருவரும் கன்றுக்குட்டிகள் மாதிரி ஒருத்தனை ஒருத்தன் சுற்றிவந்தார்கள். ரத்தினம் கையை நீட்டி கங்கையாவின் காதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கங்கையா அவனைக் கடிக்கவில்லை. அதுவே பெரிய அதிசயமாக இருந்தது.

திருவேங்கடம் ரத்தினத்தைக் கிட்டே இழுத்து, தலைமயிரை விலக்கினார். இரட்டைச் சுழி, இரண்டும் பளிச்சென்று. ஈரத்தலையும் இல்லை, தப்பாகவும் பார்க்கவில்லை. அவர் கண் சரியாகத்தான் பார்த்திருந்தது. அப்படியானால் சுழி என்ன சொன்னது?

"நல்ல பையனாமே?" என்றார்.

"யாரு சொன்னது? ராட்சசன்!" என்று கமலம்மா சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து வண்டிக்காரப் பையன் ஒருவன் ரத்தினத்தின் கவணைக் குடிசைச் சுவரிலிருந்து எடுத்து, விளையாட்டுக்கு, காளவாய் நெருப்பில் போட்டான். தோல்வார் கருகி நாற்றம் வந்தது.

திருவேங்கடம் கண் எதிரே சின்னசாமி எழுந்து நின்றான். வேறு எப்படிச் சொல்வது? கழுத்தில் நரம்பு கயிறாகப் புடைத்தது. பல் நறநறத்தது. கண்ணில் எதிரே இருக்கிற ஆள் இல்லை. ரத்தினம் இரண்டு கையாலும் தலையளவு கல்லைத் தூக்கினான். வண்டிக்காரப் பையன் மாட்டுக்கு அந்தப்பக்கம் பதுங்கினான். திருவேங்கடம் ஒரு எட்டு பின்வாங்கினார். இங்கேயும் இருக்கிறது! அணுவளவு குறையாமல் இருக்கிறது!

கமலம்மா தண்ணீர்க் குடத்தைக்கூட இறக்கவில்லை.

"எறியறதா இருந்தா குழியில எறிடா. வெளிய எறிஞ்சா உங்கப்பனுக்கு கல்லு நஷ்டம்" என்று அலுப்போடு சொன்னாள்.

பையன் கத்திக்கொண்டே திரும்பிக் குழியில் எறிந்தான். இன்னொரு கல். இன்னொன்று. ஒவ்வொரு கல்லுக்கும் அந்த வண்டிக்காரப் பையனின் அப்பன் பாட்டன் எல்லோரையும் திட்டினான். வெந்த கல் தண்ணீரில் விழுந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு சீறியது. குழி கொதித்துப் பொங்கி, வெள்ளைப் புகை ஆள் உயரத்துக்கு எழும்பியது, கல் வெடித்து மாவாகியது. பையன் நின்று மூச்சு வாங்கினான். நரம்பு உள்ளே போனது. "ம்மா, பசிக்குது" என்றான்.

"கை கழுவிக்கினு வா. கண்ணுகிட்ட கொண்டு போவாத."

திருவேங்கடம் கரிக்குவியல் ஓரம் உட்கார்ந்தார்.

"இது... அடிக்கடி வருமா?"

"வரும் மாமா. மழ வர்ற மாதிரி வரும். போயிடும்."

"நீ அடிக்க மாட்டியா?"

"ஒரு தபா இவரு அடிச்சாரு. அடுத்த நாளு வூட்ல இருந்த பானை எல்லாம் ஒடைச்சிப்புட்டான். சோறாக்க ஒரு சட்டி மிச்சமில்ல. மறுபடியும் அடிச்சாரு, தண்ணித் தொட்டிய ஒடைச்சான். நாங்க ஏழைங்க மாமா. அடிக்கிறதுக்கெல்லாம் எங்களுக்கு கட்டுப்படியாவாது." அவள் சிரித்தாள். "அதுக்கப்பறம் கல்லு எறின்னு வுட்டுட்டோம். எப்படியும் யாராவது எறிஞ்சுதானே ஆவணும்."

"அவன் அப்பன பத்தி சொல்லி இருக்கியா?"

"சொன்னேனே. உன் மொத நைனா ரொம்ப பலசாலி, கோவக்காரரு, செத்துப்புட்டாருன்னேன். பொய்யா அது?"

பொய் இல்லை. ஆனால் அதே ஆளைப் பற்றி இவர் வீட்டில் தினம் சொன்ன சொல் வேறு. அந்தச் சொல்லைப் பையன் மோரோடு குடித்தான், சோற்றோடு துன்னான்.

துலுக்காணம் வெந்து ஆறின கல் ஒன்றை எடுத்துவந்து, "பார்த்திருக்கியா மாமா? சும்மா கையில பிடி" என்று அவர் உள்ளங்கையில் வைத்தான், விருந்தாளிக்கு வேறு எதைக் காட்டுவது என்று தெரியாமல். அந்தக் கல் குளிர்ந்திருந்தது. குடத்துத் தண்ணீரும் குளிர்ந்திருந்தது. இரண்டிலும் நெருப்பு இல்லை. கல்லைக் கல்லாகக் கோணியில் கட்டி எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். தண்ணீரை யாரும் குடிக்கலாம். இரண்டும் சேருகிற இடத்தில்தான் அந்தக் கொதி.

படிக்காத மனுஷர்தான். ஆனால் அவருக்கு அந்த வெயிலில் ஒரு கணக்கு பிடிபட்டது. சிட்டிபாபு வெறுங்கல், எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் நனைந்துவிட்டுக் காயும். ரத்தினம் வெந்த கல். ஆனால் அவன்மேல் தண்ணீர் ஊற்றுவார் இல்லை. கங்கையாவும் வெந்த கல். அவன்மேல் ஒரு வீடே, ஒரு பள்ளிக்கூடமே, காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றியது. ஊற்றிவிட்டு, ஏன் கொதிக்கிறாய் என்று கேட்டது. கொதித்ததற்கு இன்னும் ஒரு குடம். மிளாறிலும் இல்லை, ரத்தத்திலும் இல்லை, இரண்டும் தொட்டுக்கொள்கிற இடத்தில் இருந்தது அந்தப் பேய். எந்தச் சுழி பார்த்து அதைக் கண்டுபிடிப்பது? ஏழுமலையான் இதையெல்லாம் எப்படி இத்தனை நுணுக்கமாக முடிந்து வைத்திருக்கிறான்!

இருந்தாலும் அவர் தரகர். வந்த காரியத்தைக் கேட்காமல் போகமாட்டார்.

"கமலா, ரத்தினத்த நான் கூட்டிக்கினு போறேன். கங்கையாவ நீ வெச்சிக்கோ. மாத்திக்கலாம்."

கமலம்மா குடத்தை இப்போதுதான் கீழே வைத்தாள்.

"மாமா, உனக்கு வயசாயிடுச்சி, அதனால ஒண்ணும் சொல்லல. இது இன்னா மாடா?"

"அங்க அவன ஜெயிலுக்கு அனுப்பப் போறாங்கடி! திங்கக்கெழம!"

"அப்ப என் புள்ளய கூட்டிக்கினு போயி அடுத்த வருசம் அவன அனுப்புவியா?"

அவள் சுழி பார்க்காமல், கல்லைக் கையில் பிடிக்காமல், நேராக அதே இடத்துக்கு வந்து நின்றாள். இவனைக் கொண்டுபோய் அந்த வீட்டில் விட்டால் இவன் இன்னொரு கங்கையா. நிச்சயம். சந்தையில் எந்த மாட்டைப் பற்றியும் அவர் இவ்வளவு நிச்சயமாகச் சொன்னதில்லை.

சாப்பாடு போட்டார்கள். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், கடித்துக்கொள்ள வெங்காயம். பையன்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். ரத்தினம் கங்கையாவின் தட்டில் இருந்த வெங்காயத்தை எடுத்துத் துன்னான். அவ்வளவுதான், கங்கையா களி உருண்டையைச் சூடாக அப்படியே எடுத்து ரத்தினத்தின் முகத்தில் அறைந்தான்.

திருவேங்கடத்தின் கை தானாக மேலே போனது. யோசித்துப் போகவில்லை, எத்தனையோ வருஷப் பழக்கம்.

கங்கையா கண்ணை மூடி, கன்னத்தைச் சரியான பக்கம் திருப்பி, தோளைத் தூக்கிக் காதை மறைத்துக்கொண்டான். அடி எங்கே விழும், எவ்வளவு வேகத்தில் விழும் என்று அந்த உடம்புக்குத் தெரிந்திருந்தது. கை கீழே வரும் முன்னாலேயே உடம்பு அடியை வாங்கிவிட்டது.

அவனை ஒட்டி அதே முகம், களி வழிந்துகொண்டு. அந்த முகம் ஒதுங்கவில்லை. ரத்தினம் கழுத்தை அண்ணாந்து, தாத்தாவின் தூக்கிய கையைப் பார்த்தான். அந்தக் கையில் ஏதாவது வைத்திருக்கிறாரா, கூரையில் எதையாவது காட்டுகிறாரா என்று பார்த்தான். பெரியவர்கள் எதற்குக் கையைத் தூக்குவார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

இரண்டு முகமும் ஒன்று. ஒரே வயிறு, ஒரே நாள், ஒரே நரம்பு. ஒன்று அப்படி, ஒன்று இப்படி.

திருவேங்கடத்தின் கை மேலேயே நின்றது. கீழே இறக்கத் தெரியவில்லை. துலுக்காணம் பயந்துபோய், "மாமா, கை பிடிச்சிக்கிச்சா?" என்று எழுந்தான். அவர் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து, மடியில் வைத்துக்கொண்டார். கங்கையா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். அடி வரவில்லை. அவனுக்கு அது பிடிக்கவில்லை; இன்னும் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று பின்னாலேயே நகர்ந்து சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டான்.

"டேய், உனக்கும் எறியணுமா? குழி அங்க இருக்குது" என்றான் ரத்தினம், முகத்தைத் துடைத்தபடி. "வெங்காயம் வேணும்னா கேளேன்டா."

மாலையில் திருவேங்கடம் பஸ் ரோட்டுக்கு நடந்தார். புத்தூர் பக்கம் போகிற பஸ்ஸை நிறுத்தினார். காலையில் கடிபட இருந்த அதே கண்டக்டர். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இப்போது தமிழில், "புலி எங்க?" என்றான்.

"என் பையன் கிருஷ்ணப்பா உனக்குத் தெரியுமில்ல? அவன்கிட்ட சொல்லு. ஏட்டுகிட்ட போவவேணாம். பையன் வரமாட்டான். நானும் இப்ப வரல."

"மாடுங்க? கொல்லை?"

"அவனே பாத்துக்கட்டும். எல்லாம் அவனுதுதானே. நான் இங்க கல்லு ஒடைக்கப் போறேன்."

"இந்த வயசுலயா? எத்தன நாளைக்கி?"

"எனக்குத் தெரியாது. வுடு, பஸ்ஸ எடு."

உண்மையிலேயே தெரியாது. இத்தனை வருஷம் ஊற்றின தண்ணீர் ஒரு வேளைச் சோற்றில் வடிந்துவிடுமா? வடியாமலே போகலாம். கமலம்மா இரண்டு நாளில் இவரையும் கங்கையாவையும் துரத்திவிடலாம். எதையும் நம்பிப் பழகாத மனுஷர், இதையும் நம்பவில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறவில்லை.

திரும்பி வரும்போது காளவாய் ஓரத்தில் இரண்டு முதுகு தெரிந்தது. இருவரும் சட்டையைக் கழற்றிவிட்டு, குழிக்குள் கல் எறிந்துகொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து எது யார் என்று அவருக்குச் சொல்ல முடியவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போனார். அவர் காலடியில் சரளை நொறுங்கியது. ஒரு முதுகு அப்படியே இருந்தது. மற்ற முதுகு சட்டென்று குறுகி, இரண்டு கையும் தலைக்கு மேலே போனது.

திருவேங்கடம் நின்ற இடத்திலேயே நின்றார். பத்தடி பின்னால் நடந்தார். பிறகு தொண்டையைச் செருமி, உரக்க இருமி, "தாத்தாதான்டா வர்றேன், சும்மா வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே, இரண்டு கையும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் தொங்கவிட்டு, மெதுவாக வந்தார்.